ஏன் சார் தள்ளுபடி?

“ரூட்டர் வாங்கப் போறேன்” என்றேன். “ஏம்ப்பா, நெட் ஸ்லோவா இருக்கா?” என்றான் பையன்.

இது அந்த ரூட்டர் இல்லை. பலகையின் ஓரத்தை உருட்டவும், நடுவே பள்ளம் எடுக்கவும் பயன்படுகிற மரவேலை மெஷின். இதில் சின்ன சைஸை ஆசாரிகள் ட்ரிம்மர் என்பார்கள். மொட்டைமாடித் தகர ஷெட்டில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் பட்டறைக்கு (என் மனைவி வைத்திருக்கும் பெயர் வேறு) ரொம்ப நாளாக ஒன்று வேண்டியிருந்தது.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. ‘க்ளியரன்ஸ்’ என்று சிவப்பு ஸ்டிக்கர். 4,500 ரூபாயை அடித்துவிட்டு 1,800. நானோ பி.காம். கையிருப்புச் சரக்கை, வாங்கின விலை, விற்றால் தேறும் விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் கணக்கெழுத வேண்டும் என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன். அதாவது, ஸ்டிக்கர் ஒட்டும் முன்பே கடைக்காரருக்கு அந்தச் சரக்கின் யோக்கியதை தெரியும். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். வாங்கினேன்.

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துக்கு காலெட் என்று பெயர். மெஷினில் இருந்தது கால் இஞ்ச் காலெட். கடைக்காரர் கொடுத்த பிட்டுகள் 6 மி.மீ. “எல்லாம் ஒண்ணுதான் சார், டைட் பண்ணா புடிச்சுக்கும்” என்றார். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. வித்தியாசம் 0.35 மி.மீ.தானே என்கிறீர்களா? இந்தச் சின்ன மெஷின்கள் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 30,000 சுற்று சுற்றும். நொடிக்கு 500!

டைட் பண்ணினேன். பிடித்த மாதிரிதான் இருந்தது. அரையடி போனதும் பிட் மெல்லக் கீழே இறங்கி, தேக்குப் பலகையை ஆழமாகத் தோண்டி, பிறகு கழன்றே போய்விட்டது. என் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளித் தகரத்தில் மோதி விழுந்தது. கண்ணாடி கூடப் போட்டிருக்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்குத்தான் பெட்டியை நிதானமாகப் படித்தேன். ‘காலெட் 2’ என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே ஒன்றுதான். 6 மி.மீ. காலெட்டை எடுத்தது யாரோ, எப்போதோ!

19-வது நாள் கடைக்குப் போனேன். “க்ளியரன்ஸ் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது சார்” என்றார். பில்லிலும் அதைத்தான் அடித்திருந்தது. தனியாக காலெட் கேட்டால், “அந்த மாடலே நின்னுபோச்சே!”

இந்த வாக்கியத்தை விற்கும்போது ஏன் சொல்லவில்லை? என் சண்டை இதில்தான். விலை குறைத்தது தப்பில்லை. காரணத்தை மறைத்ததுதான் தப்பு. மாடல் நின்றுபோனதா, பெட்டி பிரித்ததா, யாராவது திருப்பிக் கொடுத்ததா, பாகம் குறைகிறதா என்று அதே ஸ்டிக்கரில் ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும்? புடவையில் சாயம் போனால் மனசுதான் நோகும். இதில் விரல் போகும், கண் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அளவில் குறைந்தாலும் அது குறைபாடுதான். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று அச்சடித்துவிட்டால் சட்டம் செத்துவிடாது.

க்ளியரன்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நின்றுபோன மாடலாக இருந்தாலும், கார்பன் பிரஷ்ஷும் காலெட்டும் தனியாகக் கிடைக்கிற கம்பெனியின் மெஷின் என்றால் தாராளமாக வாங்குங்கள், நிஜமாகவே லாபம். ஆனால் பணம் எண்ணும் முன் கவுன்ட்டரிலேயே பெட்டியைப் பிரித்து, உங்கள் பிட்டை மாட்டிப் பாருங்கள். பின்னால் க்யூ நிற்கிறதா? நிற்கட்டுமே.

1915-க்கு போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். மெஷின் பரணில் இருக்கிறது. பெட்டியை மட்டும் ஹாலில் வைத்திருக்கிறேன், ‘காலெட் 2’ என்று அச்சடித்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.