பதிவேட்டில் நான்கு இலக்கம்

காரைக்காலின் பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், அவற்றை எழுதிய குமாஸ்தாக்கள் ஆண்டை எண்ணால் சுருக்கிவிடாமல் முழுமுழுச் சொற்களால் எழுதிவைத்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். அந்தச் சிரத்தையில் பாதியேனும் கம்ப்யூட்டர் யுகத்தின் ஆரம்ப கர்த்தாக்களுக்கு இருந்திருந்தால், 1999-ஆம் ஆண்டு முடிவதற்குள் பழைய புரோகிராம்களை வரிவரியாகத் திருத்தி உலகம் அவதியுற நேர்ந்திராது. ஆயினும், 80 எழுத்துகளுக்கு மேல் இடமில்லாத துளையிட்ட அட்டையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதுமென்று சிக்கனம் பிடித்தவர்களைப் பழிப்பதும் முற்றிலும் நியாயமன்று. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களையே திரும்பத் திரும்ப வழங்கும் நமக்கு இந்த வியாதி புதிதா என்ன? 2000 ஜனவரி பிறந்தபோது நடந்த பிரமாதி வருஷமும் 1939-இல் பிறந்த பிரமாதி வருஷமும் பெயரளவில் ஒன்றே.

அந்த நள்ளிரவில் விபரீதம் ஏதும் பெரிதாக நேராததால், அது வியாபாரிகள் கிளப்பிய புரளி என்பாரும் உளர். சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ இளைஞர்கள் கண்விழித்துத் திருத்தியதன் பலன் அது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். என் ஆட்சேபம் வேறு: பல இடங்களில் ஆண்டை நான்கு இலக்கமாக விரிக்காமல், இன்ன எண்ணுக்குக் கீழிருந்தால் இந்த நூற்றாண்டு, மேலிருந்தால் சென்ற நூற்றாண்டு என்று இயந்திரத்தை அனுமானிக்க விட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த அனுமானம் மற்ற ஊர்களைவிடக் காரைக்காலுக்கு ஆகாது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இம்மண்ணில் பிறந்தவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடிப்பதற்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, பேரனின் பிரஜா உரிமைக்குப் பாட்டனின் பிறந்த தேதி இன்றும் ஆதாரமாகிறது. 1889-இல் பிறந்த முன்னோரை இயந்திரம் 1989-இல் பிறந்தவராகக் கொண்டால் வம்சாவளி என்னாவது? இன்னொரு கணக்கும் உண்டு: 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி 32 பிட்டுக்குள் அடக்கும் முறை 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும், பின்னோக்கியோ 1901 டிசம்பர் 13-க்கு அப்பால் அது செல்லாது. பழைய பதிவேடுகளில் உள்ளோர் பலர் அதன் கண்ணுக்குப் பிறக்கவே இல்லை.

ஆகவே, நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் புதிய மென்பொருள் வாங்கும்போது நான்கு இலக்க ஆண்டையும் 64 பிட் கணக்கையும் டெண்டரிலேயே நிபந்தனையாக்க வேண்டும். 1850-இல் ஒரு பிறப்பையும் 2040-இல் ஒரு பென்ஷன் தேதியையும் அதிகாரியே தம் கையால் பதிந்து, இரண்டும் பிழையின்றித் திரும்பி வருவதைக் கண்ட பிறகே பணம் பட்டுவாடா ஆக வேண்டும்.