பயணத்துக்கும் கையிருப்பு வேண்டும்

படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய கேரவன் வண்டி, ஒரு காலத்தில் திரைப்பட நடிகர்களுக்கே உரியது என்று கருதப்பட்டது. இன்று நடுத்தரக் குடும்பங்களும் அதனை வாடகைக்கு அமர்த்திச் சுற்றுலா செல்ல விரும்புகின்றன. பணி ஓய்வு பெற்றவர்கள் சிலர், கைக்கு வந்த தொகையில் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாமா என்றும் சிந்திக்கின்றனர். விருப்பம் நல்லதே. அதற்கென வகுக்கப்படும் திட்டங்களில்தான் குறை காண்கிறேன். முதல் நாள் காலை தொடங்கிக் கடைசி நாள் இரவு வரை ஒரு மணி நேரமும் காலியாக இல்லாதபடி அவை நிரப்பப்படுகின்றன.

வாடிக்கையாளர்களின் வைப்புத்தொகை முழுவதையும் வங்கி கடனாக அளித்துவிடுவதில்லை. ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாக வைத்தே தீர வேண்டும். அந்தத் தொகை வட்டி ஈட்டுவதில்லை என்பதற்காக அதனை வீண் என்று எவரும் சொல்வதில்லை. கேரவன் பயணத்துக்கும், குறிப்பாக வழியில் நீரும் சரளைச் சாலையும் குறுக்கிடும் பயணத்துக்கும், நாளிலும் பணத்திலும் அத்தகைய இருப்பு இன்றியமையாதது என்பதே என் கருத்து.

குஜராத்தை எடுத்துக்கொள்வோம். சூரத்திலும் மும்பையிலும் வாழும் நம் வாசகர்கள், ஹசீராவில் வண்டியுடன் கப்பலேறி, கம்பாத் வளைகுடாவைக் கடந்து கோகாவில் இறங்கி, பாவ்நகருக்கு வடக்கேயுள்ள வேளாவதர் வெளிமான் பூங்காவையும், அதற்கும் அப்பால் காட்டுக்கழுதைகள் திரியும் சிறிய ரண் பகுதியையும் கண்டு திரும்பலாம். 2020 நவம்பரில் இந்தக் கப்பல் சேவை தொடங்கப்பட்டபோது, சாலைவழி 370 கிலோமீட்டர் தொலைவு கடல்வழியில் 90 கிலோமீட்டராகக் குறையும் என்றும், சரக்கு வண்டிகளுக்குப் பிடிக்கும் 10 முதல் 12 மணி நேரம் ஏறத்தாழ 4 மணி நேரமாகச் சுருங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. 30 சரக்கு வண்டிகளையும் 100 கார்களையும் 500 பயணிகளையும் ஏற்றவல்ல கப்பல் அது. கேரவனுக்கு இடம் இருக்குமோ என்ற கவலை இல்லை.

கவலை கடலைப் பற்றியது. கம்பாத் வளைகுடாவின் ஓதம் இந்தியக் கரைகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பாவ்நகர் அருகே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு மாறுவதுண்டு. 2017-இல் தொடங்கப்பட்ட கோகா-தஹேஜ் சேவை, தஹேஜ் பக்கம் வண்டல் படிந்து ஆழம் குறைந்தமையால் நின்றுபோனதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அரசு முன்னின்று அமைத்த வழிக்கே இந்நிலை என்றால், நம் ஆறு நாள் அட்டவணை எம்மாத்திரம்? எனவே, கப்பல் ஏறும் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு மற்றவற்றை அதனைச் சுற்றி அமைக்க வேண்டும். முன்பதிவின்போது வண்டியின் நீளம், உயரம், எடை ஆகியவற்றைச் சரியாகக் கூறி, கட்டணம் எந்த வகுப்பில் வரும் என்றும், சமையல் எரிவாயு உருளைக்கு என்ன விதி என்றும் கேட்டறிய வேண்டும். கப்பல் ரத்தானால் சாலைவழி உண்டு. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று கொண்டாலும் 370 கிலோமீட்டருக்கு டீசல் 46 லிட்டரே. அந்தச் செலவைத் தாங்கிவிடலாம். இழப்பது ஒரு முழு நாள். அந்த நாள் நம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

சரளைச் சாலை வேறு வகையில் நாளைத் தின்னும். ரண் விளிம்பிலுள்ள சிற்றூர்களை நோக்கிச் செல்லும் கிளைவழிகளில் தார் முடிந்து சரளையும் மண்ணும் தொடங்கும். உயரமும் எடையும் மிகுந்த கேரவன் அங்கே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் விரைவது நல்லதன்று. 100 லிட்டர் நீர்த்தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 100 கிலோ சுமை. தேவைக்கு மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். எரிவாயுக் குழாயை அடைத்து, அலமாரிக் கதவுகளைத் தாழிட்டு, முன் செல்லும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டே செல்ல வேண்டும். ரணுக்குள் கேரவனை இறக்குவது கூடவே கூடாது. மேலே காய்ந்து வெடித்துத் தோன்றும் தரைக்கு அடியில் ஈரச் சேறு இருக்கும். ஊரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறை அனுமதியுடன் உள்ளூர் ஜீப்பில் செல்வதே அறிவுடைமை. மழைக்காலத்தில் ரண் நீரால் மூடப்படும். சரணாலயமும் வேளாவதர் பூங்காவும் அப்போது மூடப்பட்டிருக்கும்.

இனி, வங்கி மேசையின் இப்பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியவை. மோட்டார் காப்பீட்டுப் பாலிசியின் வழக்கமான வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சாலை, இரயில், உள்நாட்டு நீர்வழி, மின்தூக்கி, விமானம் ஆகியவற்றில் வண்டி கொண்டு செல்லப்படும்போது நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்று அதில் காணலாம். கடல்வழி என்பது அப்பட்டியலில் இல்லை. வளைகுடாவைக் கடக்குமுன், இந்தப் பயணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுங்கள். வண்டிக்கு வேறு சேதம் நேராமல் டயர் மட்டும் கிழிந்தால் இழப்பீடு இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமுற்றால் டயர் விலையில் பாதியே கிடைக்கும். சரளைச் சாலைக்கு இரண்டாவது மாற்று டயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. மேலும், வாடகைக்கு விடுவதற்கான பதிவு இல்லாத, வெள்ளை எண்பலகை கொண்ட தனியார் வண்டியை வாடகைக்கு அமர்த்தினால், விபத்தின்போது உரிமைகோரல் மறுக்கப்படக்கூடும். வாடகை சில ஆயிரம் குறைவு என்பதற்காக அந்த இடரை ஏற்பது தகாது.

சொந்தமாக வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். காப்பீட்டுக் கணக்கின்படியே ஆறு மாதம் கடந்த புதிய வண்டியின் மதிப்பில் 15 விழுக்காடு கழிக்கப்படுகிறது. ஐந்தாம் ஆண்டில் பாதி போய்விடுகிறது. ஆண்டுக்கு இரண்டு வாரம் ஓடும் வண்டிக்கு ஓய்வூதியப் பலன்களை முடக்குவதோ கடன் பெறுவதோ சரியன்று என்பது, கடன் வழங்கும் பணியிலேயே இருக்கும் என்னுடைய உறுதியான எண்ணம். ஓராண்டு தொடர் வைப்பில் சேர்த்து, அத்தொகையில் வாடகை வண்டியில் செல்வதே மேல்.

‘இருப்பதே ஆறு நாள் விடுப்பு, அதில் ஒன்றைச் சும்மா விடுவதா?’ என்று கேட்பது இயல்பே. ஆறு நாளில் ஐந்தை மட்டும் திட்டமிடுங்கள் என்பேன். காலியாக விட்ட நாள் தேவைப்படாமற்போனால், அது வேளாவதரில் வெளிமான்களுடன் கழியும் இன்னொரு மாலையாகும். தேவைப்பட்டாலோ, விடுப்பு முடியும் பதற்றத்தில் முதியோரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் வண்டி ஓட்டும் நிலையிலிருந்து உங்களைக் காக்கும். விபத்துக்கு வழிவகுப்பது பெரும்பாலும் அந்தப் பதற்றமே.

ஆகவே, புறப்படுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நாளையும் சரளை வழியையும் முதலில் குறியுங்கள். அடுத்து ஒரு நாளைக் காலியாக விடுங்கள். இரண்டு நாள் வாடகைக்கும் மாற்று வழி டீசலுக்கும் ஒரு டயருக்கும் ஆகும் தொகையைத் தனியே சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். எஞ்சிய இடத்தில் உங்கள் விருப்பம்போல் ஊர்களை எழுதிக்கொள்ளலாம்.