ஸ்பெகுலர் போனது, ஸ்லைடு எப்போது வரும்?

மனித உறுப்பு, திசு மாற்று விதிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2025 நவம்பரில் திருத்தியது. கருவிழி மாற்று மையங்களில் கிளினிக்கல் ஸ்பெகுலர் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இனி இல்லை. சிறிய மையங்களின் சுமையைக் குறைப்பதே நோக்கம் என்கிறது அரசு. இந்த இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். வரவேற்கிறோம்.

காரணம் நீங்கள் அறிந்ததுதான். வெள்ளை படர்ந்த கருவிழிக்குள் எண்டோதீலியத்தை எண்ண எந்த ஸ்பெகுலராலும் ஆகாது. டி.பி.கே. செய்யப்போகும் கண்ணில் அதற்கு வேலையே இல்லை. ஆப்டிகல் பி.கே. முடிந்த பிறகு ஃபாலோ-அப்பில் பயன்படும்தான். வேண்டியவரைப் பெரிய மையத்துக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். அதற்காக வட மாவட்டத்தில் ஒரு கார்னியா சர்ஜன் பல லட்சம் கடன் வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கொடையாளித் திசுவை மதிப்பிடும் வேலை கண் வங்கியுடையது, அதில் யாரும் சலுகை எதிர்பார்க்கக் கூடாது. செல் எண்ணிக்கை குறைந்த திசு டி.பி.கே.க்குப் போதும், ஆப்டிகலுக்குப் போதாது. எண்ணிக்கை எழுதாமல் வரும் திசுவைத் திருப்பி அனுப்பும் துணிவு சிறிய மையத்துக்கும் வேண்டும்.

இவ்வளவோடு இந்த உரையை முடித்திருக்கலாம். ஆனால் இந்தத் திருத்தத்தால் பயன்பெறப் போவது எந்தக் கருவிழி என்று தருமபுரியில் உட்கார்ந்து பார்க்கும்போது வேறொன்று உறுத்துகிறது. நம் டேபிளுக்கு வரும் கருவிழி பெரும்பாலும் கெரட்டோகோனஸோ ஃபுக்ஸோ அல்ல. பாலக்கோட்டில் கரும்புச் சோகை கீறியது, பென்னாகரத்தில் கேழ்வரகு அடிக்கையில் உமி தெறித்தது, மல்பெரி கவாத்தில் குச்சி பட்டது, பால் கறக்கையில் மாட்டு வால் அடித்தது. பட்ட அன்று சாதாரண சிராய்ப்பு. பத்து நாள் கழித்து ஹைபோபியான். அதன் பிறகு ஊரார் சொல்வார்கள், கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று. 2015–19 தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் கருவிழி வெண்மை 7.4 சதவீதத்துடன் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. 50 வயதுக்குக் கீழே 37.5 சதவீதம், முதலிடம். உழைக்கும் வயதில் பார்வையைப் பறிப்பதில் கண்புரையை முந்திக்கொண்ட நோய் இது.

இந்த நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி நம் ஊர்க் கண்களிலிருந்து அறிந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எம். சீனிவாசனின் ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், ஒரே கேள்வியை ஒருவர் பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்திருந்தது தெரியும். கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று முதலில் எண்ணினார்கள். 1993-இல் மதுரை மாவட்டத்தில் லட்சத்துக்கு 113 பேர், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கவுண்டியில் 11 பேர். அடுத்து எந்தக் கிருமி என்று பார்த்தார்கள். 1994-இன் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 பேரில் 65 சதவீதத்தினருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கல்ச்சரில் வளர்ந்தவற்றில் பாக்டீரியாவும் காளானும் கிட்டத்தட்ட சரிபாதி. காளானில் ஃபியூசேரியமே முன்னணி. ஓசைப்படாத கொள்ளைநோய் என்று ஜான் விட்சரும் அவரும் 1997-இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு கிராமத்திலேயே களிம்பு போட்டுத் தடுக்க முடியுமா என்று மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் சோதித்தார்கள்.

கடைசியாக, எந்த மருந்து என்ற கேள்வி. டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்று நடத்திய மட் ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. 323 பேரில் நாட்டமைசினையும் வோரிகோனசோலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். விலை உயர்ந்த புது மருந்து தோற்றது. ஃபியூசேரியம் கண்களில் நாட்டமைசின் ஏறக்குறைய நான்கு வரி பார்வையைக் கூடுதலாகக் காத்தது, ஓட்டை விழுவதும் குறைந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்து பற்றிய வாதம் அத்துடன் தீர்ந்தது. அதை யாருக்கு, எத்தனையாவது நாளில் கொடுப்பது என்பதைத்தான் நாம் இன்னும் தீர்க்கவில்லை.

இங்கேதான் சீனிவாசனின் ஸ்கட் ஆய்வை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். 2012-இல் வெளியானது, 500 நோயாளிகள். கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பது கேள்வி. அந்த ஆய்வில் யாருக்கும் எடுத்த எடுப்பில் ஸ்டீராய்டு போகவில்லை. ஸ்மியரிலோ கல்ச்சரிலோ காளான் தெரிந்தால் அவர் ஆய்விலேயே கிடையாது. கல்ச்சரில் பாக்டீரியா வந்திருக்க வேண்டும். மாக்ஸிஃப்ளாக்ஸசின் 48 மணி நேரம் போயிருக்க வேண்டும். இவ்வளவு காவல் போட்ட பிறகும் மூன்று மாத முடிவில், மொத்தத்தில் பார்த்தால், ஸ்டீராய்டு பார்வையைக் கூட்டவில்லை.

இப்போது அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். கண் சிவந்து வருபவர் கடைக்காரரிடம் கேட்பது ஒரு சொட்டு மருந்து. கிடைப்பது பல நேரம் ஆண்டிபயாடிக்கும் டெக்ஸாமெதசோனும் கலந்த பாட்டில். இரண்டு நாள் சிவப்பு வாங்கும், எரிச்சல் அடங்கும், அவருக்கும் நம்பிக்கை பிறக்கும். உள்ளே காளான் ஸ்ட்ரோமாவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். நம் ஓ.பி.யில் சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்து வைக்கும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாலே மீதிக் கதை தெரிந்துவிடும். ஸ்டீராய்டு கண் சொட்டு ஹெச் அட்டவணையில் உள்ள மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, கேட்பாரில்லை. முகத்துக்குப் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்களை ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவரத் தோல் மருத்துவர்கள் போராடி, 2018-இல் அரசாணையே வாங்கினார்கள். முகம் கறுப்பதற்குக் கிடைத்த கவனம் கண் வெளுப்பதற்கு ஏன் கிடைக்கவில்லை? அந்த ஒற்றுமை நம் சங்கங்களுக்கு ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

இத்தனைக்கும் மாற்று என்ன? ஒரு ஸ்லைடு. புரோபரகைன் ஒரு சொட்டு. 15-ஆம் நம்பர் பிளேடு அல்லது கிமுரா ஸ்பாச்சுலா. புண்ணின் ஓரத்திலும் அடியிலும் சுரண்டி எடுத்தது, அதன் மேல் 10 சதவீத கே.ஓ.ஹெச். ஒரு துளி, கவர் ஸ்லிப். சில நிமிடங்களில் 40எக்ஸில், நிறமற்ற திசுவுக்கு நடுவே கிளைவிட்டு, கணுக்கணுவாகத் தடுப்பு விழுந்த ஹைபே கண்ணுக்குத் தெரியும். தெரிந்த மறு நிமிடம் ஸ்டீராய்டு நிற்கும், நாட்டமைசின் தொடங்கும். ஓட்டை விழும் நிலையில் உள்ள புண்ணைக் கண்ட கையும் சுரண்டக் கூடாது, அது கண் மருத்துவர் செய்ய வேண்டியது. ஸ்லைடைப் பார்ப்பதை லேப் டெக்னீஷியன் சில வாரங்களில் கற்றுக்கொள்வார். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடிப் பழகிய கண்ணுக்கு ஹைபே எம்மாத்திரம்? தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சந்தேக ஸ்லைடை அனுப்ப ஒரு நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. ஆக, வேண்டியது பொருளல்ல, உத்தரவு.

அந்த உத்தரவுதான் வருவதில்லை. 1994-இல் சட்டம், 2011-இல் திருத்தம், 2014-இல் விதிகள், இப்போது 2025-இல் மறுபடி திருத்தம். மாற்று மையத்தில் என்னென்ன கருவி இருக்க வேண்டும் என்று முப்பது வருடமாக வரி வரியாக எழுதுகிறார்கள், அடிக்கிறார்கள். அந்தக் கண் மாற்று அறுவைக்கு வராமலிருக்க என்ன இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கருவிழியை ஒட்டுவதற்கு உரிமம், ஆய்வு, புதுப்பிப்பு எல்லாம் உண்டு. ஒட்டாமல் காப்பதற்கு ஒரு படிவம்கூடக் கிடையாது. மாவட்டக் கூட்டத்தில் நம்மிடம் கேட்கப்படும் எண் கண்புரை அறுவை எத்தனை என்பது மட்டும். எத்தனை கருவிழிப் புண், எத்தனை ஸ்மியர், எத்தனை கண் எடுக்க நேர்ந்தது என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. ஸ்மியர் வசதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. நினைவூட்டி எழுதினேன், அதே வாசகம் வேறு தேதியோடு வந்தது. மலையிலிருந்து இறங்கி, சித்தேரியிலிருந்து அரூர், அரூரிலிருந்து தருமபுரி, அங்கிருந்து சேலம் என்று அலையும் சாமை விவசாயிக்கு இந்தப் பரிசீலனை எந்த ஊரில் நடக்கிறது என்று சொல்லுங்கள், நேரே அங்கேயே அனுப்பிவிடுகிறேன்.

கோபத்தில் கணக்கை மறக்கக் கூடாது. ஸ்மியர் எல்லாக் கண்ணையும் காப்பாற்றாது. நாட்டமைசின் ஆழத்துக்கு இறங்காது. ஸ்ட்ரோமாவின் பின்பகுதிக்குப் போய்விட்ட காளானுக்கு டி.பி.கே.தான் வழி. அதனால்தான் ஸ்பெகுலர் நிபந்தனை நீங்கியதை வரவேற்கிறோம். தடுப்பிலும் எளிய விடை இல்லை. பக்தபூரில் உபாத்யாய் குழு 2001-இல் காட்டிய வெற்றியை நம்பி, நேபாளத்தில் பெரிய அளவில் நடத்திய வியூ ஆய்வில், தன்னார்வலர்கள் களிம்பு கொடுத்த ஊர்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடிவு 2022-இல் வெளியானது. தடுப்பு இவ்வளவு உறுதியற்றது, ஒட்டு இவ்வளவு தாமதமானது என்றால், நடுவில் இருக்கும் அந்த முதல் வாரம்தான் நம் கையில் இருப்பது. அதைப் பற்றிப் பேசாத விதி, எத்தனை முறை திருத்தினாலும், பாதி விதி.

ஆகவே அரசிடம் கேட்பது இரண்டு. உரிமம் பெற்ற ஒவ்வொரு மையமும் மாற்று அறுவைக் கணக்கோடு, டி.பி.கே.க்கு வந்த கண்ணில் முதல் அறிகுறிக்கும் முதல் ஸ்மியருக்கும் இடையே எத்தனை நாள் போனது என்பதையும் தர வேண்டும் என்று விதியில் சேர்க்கட்டும். கண் மருத்துவர் உள்ள ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் கே.ஓ.ஹெச். ஸ்மியரைக் கட்டாயமாக்கட்டும். அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த இதழ் முதல், டி.பி.கே. பற்றி வரும் எந்தக் கட்டுரையிலும் அந்த நாள் கணக்கும், நோயாளி முதலில் போட்ட சொட்டின் பெயரும், அதைக் கொடுத்தது யார் என்பதும் இருக்க வேண்டும். ஒட்டு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, இவை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவோம்.