கருப்பட்டி, பகா எண், நான் சொன்ன ஒரு பொய்

போன மாசம் ஊருக்குப் (உடன்குடிதான், வேறெங்க!) போயிருந்தப்ப ஒரு பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன். அதைப் பத்தின பதிவு இது. கணக்குன்னதும் ஓடிறாதீங்க மக்கா, கொஞ்சம்தான் :-)

சித்தி மகன் பிளஸ் டூ. இன்ஜினியரிங் வேண்டாம், பி.எஸ்சி. கணிதம்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சித்தப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். பையன் கடையிலேயே பாடம் எடுத்தான். 24 கருப்பட்டியை வரிசைக்கு 6-ன்னு 4 வரிசையா அடுக்கலாம். 23-ஐ எப்படி அடுக்கினாலும் மிச்சம் விழும், ஒரே நீள வரிசையா வச்சாத்தான் உண்டு. அதான் பகா எண். 13,62,79,841 இரண்டுகளை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, அதுல 1-ஐக் கழிச்சா வர்றதும் அப்படித்தான். 2024 அக்டோபர்ல லூக் டியூரான்ட்ங்கற அமெரிக்கர் கண்டுபிடிச்சார். மொத்தம் 4,10,24,320 இலக்கம்!

சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "அதை வச்சி என்னல செய்ய?"

பையனைக் காப்பாத்தறதா நெனச்சு நான் குறுக்க விழுந்தேன். "போன்ல பணம் அனுப்புதீங்கல்லா சித்தப்பா, அதுக்குப் பூட்டே இந்த எண்ணுதான்." சித்தப்பா முகத்துல ஒரு மரியாதை.

ராத்திரி மாடியில பையன் கேட்டான்: "அண்ணே, அந்த நம்பர்தான் உலகத்துக்கே தெரியுமே. அதை வச்சிப் பூட்டுனா எவன் வேணா திறந்துருவாம்லா?"

ஆறு வருஷமா பொட்டி தட்டுறேன். வாயடைச்சுப் போச்சு.

அவன் சொன்னது சரி. ஆர்எஸ்ஏ பூட்டுக்கு வேண்டியது வெளியே யாருக்கும் தெரியாத ரெண்டு பகா எண். 2048 பிட் சாவின்னா ஒவ்வொண்ணும் சுமார் 309 இலக்கம். லேப்டாப்பே சட்டுனு தேடிக் கொடுத்துரும். நாலு கோடி இலக்கத்துக்கு அங்க வேலையே இல்லை.

பிறகு ஏன் நாம எல்லாரும் இதையே சொல்றோம்? பயன்னு ஒண்ணைக் காட்டலைன்னா கணக்குப் படிக்க வீட்டுல விடமாட்டாங்கங்கற பயம். "நாளைக்குப் பயன்படும்"னு வாதாடலாம். 1977-ல ஆர்எஸ்ஏ வந்துதான் பகா எண்ணுக்கே பூட்டு வேலை கிடைச்சுது. ஆனா அது லாட்டரிச் சீட்டைக் காட்டிக் கடன் கேக்கற கதை.

2002 ஆகஸ்ட்ல கான்பூர் ஐஐடியில மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூணு பேரும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா இல்லையான்னு துல்லியமா சொல்லும். இலக்கம் கூடக்கூட நேரமும் கூடும், ஆனா கட்டுமீறிப் போகாது. கயாலும் சக்சேனாவும் அந்த வருஷம்தான் பி.டெக் முடிச்சவங்க! 2006-ல கோடெல் பரிசு. ஆனா பூட்டு செய்யற மென்பொருள்ல ஓடறது அதைவிட வேகமான மில்லர்-ராபின் மாதிரி சோதனைகள்தான். பயன் மட்டுமே அளவுகோல்னா கான்பூர்க்காரங்க வேலையைக் குப்பையில போடணும். போடுவோமா?

தெரியணும்ங்கற ஆசையே போதுமான காரணம்னு நான் நினைக்கிறேன். அதுக்குப் பொய்யால முட்டுக் கொடுத்தா, பொய் உடையிறன்னிக்கு ஆசையும் சேர்ந்து விழும்.

மறுநாள் சித்தப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். "அந்த எண்ணால ஒரு பைசா வராது சித்தப்பா. ஆனா இவன் கேட்ட கேள்வி என் மண்டையிலயே உதிக்கல."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "படிச்சி முடிச்சா வாத்தியாராவானால?"ன்னார்.

ஆவலாம்னேன். அது பொய்யில்லை.

விண்ணப்பம் இன்னும் போடலை. உங்க வீட்டுப் பிள்ளைன்னா என்ன சொல்லுவீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.