புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை

"நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார், இன்று புற்றுநோய் என்கிறார்களே!" என்று அங்கலாய்ப்பவர்கள் பலர். ஆனால் பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று விழும் இடி அல்ல. வருஷக் கணக்கில் படிப்படியாக வளர்ந்து வரும் நோய் அது.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள், அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் பெர்ட் வோகல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் ஆவர். அவர்களுடைய ஆராய்ச்சி 1988-ம் ஆண்டு வெளியாயிற்று. ஆரம்ப நிலையிலிருந்த சிறு கட்டிகள் முதல் முற்றிய புற்று வரை 172 மாதிரிகளை அவர்கள் சோதித்தார்கள். 'ராஸ்' என்னும் ஜீனில் ஏற்படும் பழுது, 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாதாரணக் கட்டிகளில் 100-க்கு 9-ல்தான் இருந்தது. அதைவிடப் பெரிய கட்டிகளில் 58-ல் இருந்தது. 17-வது குரோமோசோமில் ஒரு பகுதி, புற்றாக மாறாத கட்டிகளில் அபூர்வமாகவே தொலைந்திருந்தது. புற்றிலோ 100-க்கு 75-ல் தொலைந்திருந்தது. 'பி53' என்னும் காவல் ஜீன் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

இதன் பொருள் என்ன? உயிரணு பெருகுவதற்கு ஆக்ஸிலேட்டர் போன்ற ஜீன்களும் உண்டு. பிரேக் போன்ற ஜீன்களும் உண்டு. ராஸ் கெட்டால் ஆக்ஸிலேட்டர் அழுந்தியபடியே நின்றுவிடுகிறது. 'ஏ.பி.சி.', பி53 ஆகியவை கெட்டால் பிரேக் போய்விடுகிறது. ஆயினும் ஒரு பழுது மட்டும் போதாது. ஏ.பி.சி. ஜீன் பிறவியிலேயே கெட்டிருக்கும் சில குடும்பத்தாருக்குக் குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகள் முளைக்கின்றன. ஆனால் அவற்றுள் சிலவே புற்றாகின்றன. பல பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குச் சாதாரணமாகப் பத்து வருஷமோ அதற்கு மேலோ பிடிக்கிறது.

இந்த அவகாசம்தான் மனிதனுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. வளையும் குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும்போதே, வயிற்றைக் கிழிக்காமல் கட்டியை எடுத்துவிடலாம். அமெரிக்காவில் இவ்வாறு கட்டிகளை அகற்றிக்கொண்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில், இந்நோயால் ஏற்படும் மரணம் சுமார் பாதியாகக் குறைந்திருப்பது 2012-ல் தெரிய வந்தது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டறியும் எளிய பரிசோதனையும் உண்டு.

இவ்வளவு இருந்தும் அந்த அவகாசம் பெரும்பாலும் வீணாகிறது. காரணம் சங்கோஜம்! மலம் கழிப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசக் கூச்சம். ரத்தம் கண்டால் "மூலம்தான்" என்று தாமே முடிவு கட்டி, மாதக் கணக்கில் கைவைத்தியம். ஆரம்பக் கட்டியோ வலிப்பதே இல்லை.

மூலமா அல்லவா என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர், நோயாளி அல்ல. தொடர்ந்து ரத்தம் போகிறவர்களும், மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறியவர்களும், குடும்பத்தில் இந்நோய் கண்டவர்களும் தாமதமின்றி டாக்டரை அணுக வேண்டும். ஐம்பதை நெருங்குகிறவர்கள், நோய்க்குறி ஏதும் இல்லாவிட்டாலும், பரிசோதனையைப் பற்றி அவரைக் கேட்பது நல்லது. முளையிலேயே கிள்ளக்கூடிய நோயைக் கூச்சத்துக்காக மரமாக வளர விடலாமா?