எண்ணெல்லாம் எண் அல்ல!



பேரேடும் சிட்டையும் இருந்த மேஜையில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனியின் விலைப்பட்டியலும் பேங்க் விவரமும் பெரும்பாலும் சி.எஸ்.வி. கோப்பாகவே வருகின்றன. அதை இருமுறை தட்டித் திறந்தால், எக்செல் தன் விருப்பப்படி சில எண்களை மாற்றிவிடுகிறது. பழைய பதிப்புகள் மாற்றியதைச் சொல்வதுகூட இல்லை.

மளிகை வியாபாரிகளையே எடுத்துக்கொள்வோம். மிளகுக்கும் மிளகாய் வற்றலுக்கும் எச்.எஸ்.என். எண் 0904, பருப்புக்கு 0713, மஞ்சளுக்கு 0910. திறந்த மாத்திரத்தில் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்து 904, 713, 910 என்று நிற்கும். 13 இலக்க பார்கோடு 8.90E+12 என்று சுருங்கும். அதை அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் மற்ற இலக்கங்கள் போயே போயின. பில் எண் 3-5 என்றிருந்தால் அது தேதியாகிவிடும். எக்செல் காப்பது 15 இலக்கம் மட்டுமே. 16 இலக்க பேங்க் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். அதை நம்பிப் பணம் அனுப்பினால் திரும்பி வரலாம். வேறொருவர் கணக்கில் விழவும் வாய்ப்புண்டு.

இத்தகைய தவறு நேரும்போது நாம் கணக்குப்பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். இது நியாயமல்ல. எந்த எண் கூட்டிக் கழிப்பதற்கு, எந்த எண் வெறும் பெயர் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. சரக்கின் எடையும் விலையும் கணக்குப் போடும் எண்கள். பார்கோடும் பில் எண்ணும் பெயர்கள். அவற்றை யாரும் கூட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை முதலாளி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விஞ்ஞானிகளும் இதில் சிக்கியவர்களே. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அதுபோன்ற பெயர்களையே மாற்றிவிட்டார்கள். நாம் மிளகின் எண்ணை மாற்ற முடியுமா? வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வழி எளிது. கோப்பை நேரடியாகத் திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' என்பதைத் தட்டி, 'டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதைத் தேர்ந்து, பிறகு ஏற்றுங்கள். எல்லாம் வந்தது வந்தபடி எழுத்தாக நிற்கும். கூட்ட வேண்டிய பத்திகளை மட்டும் எண்ணாக்கிக் கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே பத்தி வகையைக் கேட்கிறது. 2023 முதல் புதிய எக்செல்லில் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்' என்ற அமைப்பு உண்டு. அதில் பூஜ்யம் நீக்குவதையும் நீண்ட எண்ணைச் சுருக்குவதையும் நிறுத்தலாம். ஆனால் 3-5 தேதியாவதை அது தடுக்காது. திறந்த பிறகு பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்குவதிலும் பயனில்லை. போன பூஜ்யம் திரும்பாது.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சில்லறைக் கடைகளுக்குப் பட்டியல் அனுப்பும்போது, குறியீட்டுப் பத்திகளை எழுத்தாக அமைத்து எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள். நீங்கள் செலவிடும் ஐந்து நிமிடம் நூறு கடைகளின் தலைவலியைத் தீர்க்கும்.

தராசில் முள்ளைப் பார்த்த பிறகே சரக்கைக் கட்டுகிறோம். ஏற்றிய பட்டியலிலும் முதல் பத்து வரிகளை மூலக் கோப்புடன் ஒப்பிட்ட பிறகே பில் போடுவோம்!