குப்பத்து வாசலில் கேமரா

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா அமைக்கும் வேலை, எதைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்வதில் தொடங்குகிறது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கூனங்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம் என்று அடுத்தடுத்து இருக்கும் மீனவ ஊர்களில் ஒரு குடும்பத்தின் சொத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள் இருப்பதில்லை. பைபர் படகு கரையில் கிடக்கிறது. வலை மணலில் காய்கிறது. எஞ்சின் வாசலிலோ படகிலேயோ இருக்கிறது. ஆண்கள் விடியுமுன் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் மீன் விற்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பூட்டு ஒன்றுதான் காவல். அந்தப் பூட்டுக்குத் துணையாக ஒரு கேமரா வேண்டும் என்று நினைப்பது நியாயமானது. ஆனால் நகரத்து அடுக்குமாடிக்குப் பொருந்தும் ஏற்பாடு இந்தக் கரையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே அரிது. உப்புக்காற்று, மின்வெட்டு, சுவரோடு சுவராக நிற்கும் அடுத்த வீடு ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அமைத்தால்தான் போட்ட பணத்துக்குப் பலன்.

வீட்டுக் கேமரா பிறந்ததே இது போன்ற ஒரு தேவையில்தான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுனுக்கும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டுக்கும் வேலை நேரம் ஒத்துப்போகாது. வீட்டில் தனியாக இருக்கும்போது கதவைத் தட்டுபவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காக இருவரும் சேர்ந்து ஒரு கருவியை வடிவமைத்து, 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969-ல் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா, உள்ளறையில் ஒரு திரை. நெட்டையானவர் வந்தாலும் குட்டையானவர் வந்தாலும் முகம் தெரிய வேண்டும் என்பதே அந்த நான்கு துளைகளின் நோக்கம். இன்றைக்கும் கேமரா வைக்கும் இடத்தை அந்த நோக்கம்தான் தீர்மானிக்க வேண்டும்.

கூரை உச்சியில் மாட்டிய கேமராவில் திருடனின் உச்சந்தலைதான் பதியும். எட்டரை முதல் பத்தடி உயரம் போதும். எட்டிப் பறிக்கவும் முடியாது, முகமும் தெரியும். அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்கிறது இத்துறையின் பன்னாட்டுத் தரவிதி. இரண்டு மெகாபிக்சல் கேமராவில் குறுக்காக இருப்பவை 1,920 புள்ளிகள். அப்படியானால் அது முகத்தைத் தெளிவாகக் காட்டும் அகலம் ஏழரை மீட்டர்தான். கரை முழுவதையும் ஒரே கேமராவில் பார்க்க நினைத்தால் ஆள் நடமாட்டம் மட்டுமே தெரியும், நடந்தவர் யாரென்று தெரியாது. ஆகவே வாசலுக்கு ஒன்று, எஞ்சின் வைக்கும் இடத்துக்கு ஒன்று, தேவைப்பட்டால் பின்கட்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதே சரி. கிழக்கே கடல், மேற்கே ஏரி என்று அமைந்த ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிழக்கு நோக்கிய கேமராவில் காலை வெயிலும், மேற்கு நோக்கியதில் மாலை வெயிலும் நேராக அடித்துப் படத்தை வெளுக்க வைக்கும். வடக்கிலோ தெற்கிலோ திருப்பி வைத்தால் நாள் முழுவதும் படம் தெளிவாக இருக்கும்.

அடுத்தது இணைப்பு. வைஃபை கேமராவை மாட்டுவது எளிது. ஆனால் ரவுட்டர் நின்றால் கைப்பேசியில் படமும் நின்றுபோகும். உள்ளே எஸ்டி கார்டு இல்லையென்றால் பதிவும் இருக்காது. கேபிள் வழியே டிவிஆர் அல்லது என்விஆர் பெட்டியில் பதியும் அமைப்புக்கு இணையமே தேவையில்லை. வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு மட்டும்தான் இணையம். என்விஆர் வகையில் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை போகும் வசதி உண்டு. உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் எத்தனை குறைகின்றனவோ அத்தனை நல்லது. பதிவு எத்தனை நாள் தங்கும் என்பதையும் வாங்கும்போதே கணக்குப் பார்த்துவிடலாம். இரண்டு மெகாபிக்சல் கேமரா நொடிக்கு இரண்டு மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு ஒரு டிபி ஹார்டு டிஸ்க் பதினோரு நாள் வரும், இரண்டு டிபி மூன்று வாரம் வரும். அதன்பின் பழைய பதிவு தானாக அழிந்து, அதே இடத்தில் புதியது ஏறும்.

இந்தக் கரையில் கேமராவுக்கு முதல் எதிரி உப்பு. பெட்டியின் மேல் ஐபி66, ஐபி67 என்று போட்டிருப்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான உறுதி மட்டுமே. உப்பு அரிப்பைத் தாங்குமா என்று அந்த எண்கள் சொல்வதில்லை. கேமராவோடு வரும் சாதாரண ஆணிகள் சீக்கிரமே துருவேறிவிடும். 316 ரக எவர்சில்வர் ஸ்குரூவும் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸும் கொஞ்சம் விலை கூடினாலும் நீடித்து உழைக்கும். எல்லா இணைப்புகளும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். கேபிள் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறிப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் மழைநீர் கேபிள் வழியே உள்ளே இறங்காமல், வளைவின் அடியில் சொட்டிவிடும். கண்ணாடியில் படியும் உப்புப் படலம் பகலில் தெரியாது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுச் சிதறி, படம் முழுக்க வெண்புகையாகத் தெரியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கேமராவைச் சுற்றிப் பூச்சிகள் வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கூடு ஆடும்போதெல்லாம் கைப்பேசியில் ‘ஆள் நடமாட்டம்’ என்று பொய் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு எல்இடி விளக்கைப் போட்டுவிட்டு, கேமராவின் சொந்த ஒளியை நிறுத்திவிடுவது நல்ல வழி.

இரண்டாவது எதிரி மின்வெட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மூழ்கடித்தபோது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டை விட்டு முகாமுக்குப் போகும் அந்த நாள்களில்தான் கேமராவின் தேவை அதிகம். நான்கு கேமரா, பதிவுப் பெட்டி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 40 முதல் 45 வாட் இழுக்கும். நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியை இதற்கு மட்டும் விட்டுவைத்தால் ஒரு நாள் தாண்டி ஓடும். மின்விசிறியும் சேர்ந்தால் அந்தக் கணக்கு நிற்காது. கேபிள் இழுக்க முடியாத இடத்துக்குச் சூரிய ஒளித் தகடும் சிம் கார்டும் கொண்ட கேமரா பொருந்தும். பதிவுப் பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. வெள்ளம் எட்டாத உயரத்தில், வந்தவர் கண்ணில் படாத இடத்தில், பூட்டிய அலமாரிக்குள் காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டும்.

அடுத்து, கடவுச்சொல். 2016-ல் ‘மிராய்’ என்ற கெடுநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட ஏராளமான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது. ஆகவே மாட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாட்டிக் கொடுத்தவரின் கைப்பேசியில் அந்தக் கணக்கு தொடர்ந்து இருக்கக் கூடாது. இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாப் பெட்டியை வாங்குமுன் அந்தச் சான்று உண்டா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

திருட்டு நடந்துவிட்டால் முதல் வேலை பதிவை அழியாமல் காப்பது. சம்பந்தப்பட்ட பகுதியைப் பென்டிரைவில் எடுத்துவைத்து, மூலப் பெட்டியையும் அப்படியே விட்டுக் காவல்துறையிடம் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றும் நிபுணரின் சான்றும் வேண்டும். பெட்டியின் கடிகாரம் தவறாக ஓடினால் நல்ல பதிவும் கேள்விக்குள்ளாகும். மாதம் ஒருமுறை நேரத்தைச் சரிபார்ப்பது சின்ன வேலைதான், தவறவிடக் கூடாத வேலையும்கூட.

இனி, அக்கம்பக்கம். குப்பத்து வாழ்க்கையில் பாதி வாசலில் நடக்கிறது. பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் திறந்த வெளியில்தான். தன் வீட்டுக் காவலுக்கு வைத்த கேமரா பக்கத்து வீட்டுப் பின்கட்டைப் பார்த்தால் அது காவல் ஆகாது, அத்துமீறல். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. குளிக்கும், உடை மாற்றும் பெண்ணைப் படம் பிடித்தால் பாரதிய நியாய சட்டத்தின் 77-வது பிரிவுப்படி முதல் குற்றத்துக்கே ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறை. ஒரே வீட்டில் கூட்டாக வசிப்பவர்களின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதியில் கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. பக்கத்து வீட்டைக் காட்டும் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. மாட்டும் நாளில் அண்டை வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்டி, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் பின்னால் வரும் மனத்தாங்கல் முளையிலேயே நின்றுவிடும்.

படகுகள் கிடக்கும் கரை எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே கேமரா வேண்டுமென்றால் அதை ஊர்தான் வைக்க வேண்டும். குடியிருப்போரும் கடைக்காரர்களும் பங்களித்துத் தெருத்தெருவாகக் கேமரா வைத்த சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டம் அதற்கு அருகிலேயே இருக்கும் முன்மாதிரி. பழவேற்காட்டுக்கு அதைவிடப் பழைய அனுபவமும் உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிடும் ‘பாடு’ ஏற்பாட்டை ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் சில, தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றன. பாடு உரிமை கிடைக்காதவர்களின் மனக்குறையும் அந்த அனுபவத்தின் ஒரு பகுதிதான். கரைக் கேமராவில் அந்தக் குறை திரும்ப வரக் கூடாது. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது, செலவை எப்படிப் பகிர்வது என்பதை எல்லா வீட்டாரும், குறிப்பாகப் பெண்களும், கூடி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் தனியாகத் திறந்து பார்க்க முடியாதபடி கடவுச்சொல்லை இருவர் பொறுப்பில் பிரித்து வைக்க வேண்டும். முடிவுகளை எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்ட வேண்டும். அந்தத் தாள் ஒட்டப்பட்ட பிறகுதான் கரையில் முதல் கேமராவை மாட்ட வேண்டும்.